கேசட்டில் பாட்டைவிடப் பேச்சுதான் பெரிது

கேசட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே பதில்கள்தான் காதில் விழுகின்றன. ஒன்று, "அந்தச் சத்தத்துல ஒரு இதம் இருக்கு, எம்பி3-ல அது வராது." இன்னொன்று, "எல்லாம் பழைய ஞாபகம், வேற என்ன?" பழைய டெக்குகளை, அதாவது கேசட்டைப் பதியவும் ஓட்டவும் செய்யும் இயந்திரங்களை, வாங்கி, திறந்து, துடைத்து, ஓட வைப்பதை நெடுநாளாகச் செய்துவருகிறேன். இந்த இரண்டு பதில்களையும் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் கணக்கு நேராகவில்லை. பெரும்பாலான தொழிற்சாலைகள் கைவிட்ட பிறகும், உதிரிபாகம் கிடைக்காத நிலையிலும், மனிதர்கள் ஒரு பொருளை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் வேறு காரணம் இருக்க வேண்டும்.

சத்தத்தின் இதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கேசட் டேப்பின் அகலம் 3.81 மி.மீ. அதற்குள் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு தடங்கள். ஸ்டீரியோவில் ஒரு தடத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 0.6 மி.மீ. அந்த டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஊர்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்த பெரிய ரீல் இயந்திரங்கள் விநாடிக்கு 38 செ.மீ., சில நேரம் அதற்கும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. இவ்வளவு குறுகலான இடத்தில், இவ்வளவு மெதுவாக ஓடினால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கத்தான் செய்யும். அதைக் குறைக்கத்தான் ரே டால்பியின் டால்பி பி வந்தது, குரோம் டேப் வந்தது, மெட்டல் டேப் வந்தது. நல்ல டெக்கில் நல்ல டேப்பைப் போட்டுப் பதிந்தால் கேசட் அசத்தலாக ஒலிக்கும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கேட்டது அந்தக் கேசட்டை இல்லையே. டவுன் பஸ்ஸில் கேட்டோம். டீக்கடையில் கேட்டோம். கல்யாண வீட்டில் சவுண்ட் சர்வீஸ்காரரின் அஹூஜா ஆம்ப்ளிஃபயர் வழியாக, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டோம். அதை இதமான ஒலி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் மனம் அதை விடவில்லை.

பழைய ஞாபகம் என்ற பதிலும் பாதியில் நின்றுவிடுகிறது. எங்கள் தலைமுறைக்கு அது பொருந்தும், சரி. கேசட் காலம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் என்னிடம் வந்து டெக் கேட்கிறார்களே, அவர்களுக்கு எந்த ஞாபகம்?

நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது: கேசட்டின் ஈர்ப்பு அது பாடியதைவிட, அது கேட்டுக்கொண்டதில் இருக்கிறது. ப்ளே பட்டனுக்குப் பக்கத்திலேயே சிவப்புப் புள்ளியோடு இன்னொரு பட்டன் இருந்தது. எல்லாம் அதில் அடக்கம்.

சிவப்புப் புள்ளி

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் இதைக் கொண்டுவந்து வைத்தபோது யாரும் இதை இசைக் கருவியாக நினைக்கவில்லை. பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற ஊரில் இருந்த பிலிப்ஸ் பிரிவில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு அதை உருவாக்கியது. ரீல் டேப் ரிக்கார்டர்களின் பாரமும் சிக்கலும் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, 'இந்த அளவுக்குள் வர வேண்டும்' என்று அதிலிருந்து தொடங்கினார். முதலில் வந்த இயந்திரம் மைக்கோடு வந்தது. பேசிப் பதிவதற்கான கருவி அது. பாட்டு நிரப்பிய கேசட்டுகள் கடைக்கு வந்தது அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான். மற்ற நிறுவனங்களும் இதே அளவில் செய்துகொள்ள பிலிப்ஸ் உரிமத்தை இலவசமாகவே கொடுத்தது. சோனி கொடுத்த நெருக்குதலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அப்படிக் கொடுத்ததால்தான் ஜப்பானில் செய்த கேசட் பட்டுக்கோட்டையில் இருந்த செட்டில் ஓடியது.

1979-ல் வந்த வாக்மேனை எல்லோருக்கும் தெரியும். நிருபர்களுக்கென்று சோனி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பிரஸ்மேன் என்ற சின்ன ரிக்கார்டரில் இருந்து பதிவு வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவும் ஹெட்போனும் சேர்த்ததுதான் வாக்மேன். நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கேசட் என்றதும் உலகம் முழுக்க அதன் படத்தையே போடுவது எனக்கு ஒப்பவில்லை. சிவப்புப் புள்ளி இல்லாத இயந்திரம் அது.

எல்.பி. ரிக்கார்டு வைத்திருந்த வீட்டில் கம்பெனி கொடுத்ததைக் கேட்கலாம். ரேடியோ வைத்திருந்தால் நிலையம் கொடுத்ததைக் கேட்கலாம். கேசட் வந்த பிறகுதான் சாதாரண வீட்டில் இருப்பவர் கையில் ஒலி சிக்கியது. நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் எல்.பி.க்கள் வரிசையாக நிற்கும். நாம் ஒரு தாளில் பாட்டுகளை எழுதி எடுத்துப் போவோம். கடைக்காரர் அதைப் பார்த்து, "அறுபதுல இது அடங்காது தம்பி, தொண்ணூறு போட்டுக்கலாமா?" என்பார். டிடிகேயா, சோனியா, இல்லை உள்ளூர் மெல்ட்ராக் போதுமா என்று அடுத்த கேள்வி. ஏ பக்கம் சோகம் வேண்டாம், பி பக்கம் கடைசியில் நிமிடம் மிச்சம் இருந்தால் ஏதாவது மியூசிக் பிட் போட்டு நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். ரெண்டு நாள் கழித்துப் போனால் அட்டையில் முத்து முத்தான கையெழுத்தில் பாட்டுப் பட்டியல் இருக்கும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது என்று தீர்மானித்தது நாம். அந்த வரிசை மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், இன்றைக்கும் ஒரு பாட்டு முடிந்தால் அந்தக் கேசட்டில் அதற்கு அடுத்து இருந்த பாட்டின் முதல் இசை தானாக நெஞ்சில் ஓடுகிறது.

அப்புறம் பேச்சு. கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவைக் கேசட்டில் கேட்ட வீடுகள் எத்தனை! பட்டிமன்றம், வில்லுப்பாட்டு, அரசியல் மேடைப் பேச்சு, படங்களின் கதை வசனம் எல்லாம் கேசட்டில் சுற்றின. கட்சிக் கூட்டத்தில் மேடைக்குக் கீழே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்டு போய் ஊரில் போட்டுக் காட்டுவார்கள். ஈரானில் 1979 புரட்சிக்கு முன்னால், பாரிஸுக்கு வெளியே ஒரு சிற்றூரில் தங்கியிருந்த கொமேனியின் உரைகள் கேசட்டில்தான் நாட்டுக்குள் போய்ப் பெருகின. ஒரு அரசாங்கம் வானொலி நிலையத்துக்குக் காவல் போடலாம். வீட்டுக்கு வீடு பிரதி எடுக்கும் கேசட்டுக்கு எப்படிக் காவல் போடும்?

தம்மாமுக்குப் போன கேசட்

ஆனால் எனக்கு இதெல்லாம் புரிந்தது புரட்சியால் இல்லை, என் அம்மாயியால், அம்மாவைப் பெற்றவரால். எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா சவூதிக்குப் போனார். தம்மாமில் வேலை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து எத்தனையோ பேர் போன மாதிரிதான் அவரும் போனார். முதல் விடுமுறைக்கு வந்தபோது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த ஒரு நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஊரில் இருந்து கிளம்புகிறவர்கள் கையில் கேசட் போகும், அங்கிருந்து வருகிறவர்கள் கையில் கேசட் வரும்.

அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேசட் வருவதற்கு முன்னால் அவர் மகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் யாரையாவது உட்கார வைத்து எழுதச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் தெருவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. பதில் வந்தால் அதே பிள்ளை உரக்கப் படிக்கும், திண்ணையில் தாத்தா உட்கார்ந்து கேட்பார். தாயும் மகனும் பேசிக்கொள்வதற்கு நடுவில் எப்போதும் ஒரு மூன்றாம் ஆள். கேசட் அந்த மூன்றாம் ஆளை வெளியே அனுப்பியது. அம்மாயி எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ப்ளேயையும் சிவப்புப் புள்ளியையும் சேர்த்து அமுக்கிவிட்டுப் பேசுவாராம். கேசட்டின் அருமையைப் பற்றி எழுதுகிறவர்கள் காதலர்கள் பரிமாறிக்கொண்ட பாட்டுக் கேசட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாத பெண்கள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ஒரு கடிதம் அனுப்ப முடிந்தது இதனால்தான் என்பதை யாரும் பெரிதாக எழுதிக் காணோம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய பல ஊர்களில் இது நடந்தது.

மாமா ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அந்தக் கேசட்டுகளில் சில அவர் பெட்டியோடு வந்தன. அதற்குள் வீட்டில் இருந்த டூ இன் ஒன் பெல்ட் அறுந்து, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. அம்மாயியும் போய்ச் சேர்ந்துவிட்டார். பல வருடம் கழித்து அம்மா அந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரச் சொன்னாள். அப்போது என்னிடம் டெக் எதுவும் இல்லை என்பதால் ஒரு கடையில் கொடுத்தோம். அழகாக உறை போட்ட சி.டி. வந்தது. போட்டுக் கேட்டால், அம்மாயி தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. குரல் அவருடையதுதான் என்று தெரிகிறது, பாதி வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்கிறார். அங்கே சுத்தமாக ஒன்றுமே இல்லை. இரைச்சலை நீக்குகிறோம் என்று அந்தப் பகுதியையே துடைத்திருந்தார்கள். "டேப் போயிடுச்சு சார், இவ்வளவுதான் வரும்" என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

ஹெட் அட்ஜஸ்ட்

பின்னாளில் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த ஒரு யமஹா டெக்கை வாங்கி, அதைச் சரி செய்ய திருச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இந்தத் தொழிலில் இருக்கும் கடைசித் தலைமுறை ஆள் அவர். பழைய பெல்ட் உருகிக் கருப்புப் பிசினாகி கப்பியில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து அதைச் சுரண்டி எடுக்கவே வெகுநேரம் பிடித்தது. டேப்பை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலரைத் துடைத்து, புது பெல்ட் மாட்டி, டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, "ஏதாச்சும் கேசட் இருக்கா தம்பி, போட்டுப் பாப்போம்" என்றார். கையில் அம்மாயியின் கேசட்தான் இருந்தது. டெக் ஓடியது. அதே தலையணைக் குரல். "டேப் போயிடுச்சுண்ணே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டேப் நல்லாத்தான் இருக்கு. இது எந்த செட்டுல பதிஞ்சதோ அந்த செட்டோட ஹெட்டு கோணல். நம்ம ஹெட்டு நேரா இருக்கு. அதான் சேரல."

அவர் சொன்னதை நான் பிறகு கணக்குப் போட்டே பார்த்தேன். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு போன்ற இடைவெளி இருக்கிறது. டேப் ஓடும் திசைக்கு அது மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கேசட் டேப்பில் எடுத்துக்கொள்ளும் நீளம், விநாடிக்கு 4.76 செ.மீ. என்ற வேகத்தில், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மோனோ செட்டின் தடம் 1.5 மி.மீ. அகலம். அந்த அகலத்தில் ஹெட் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாய்ந்தாலே, தடத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அந்த ஒலி காணாமல் போய்விடும். அடித்தொண்டை ஒலி அப்படியே இருக்கும். 'ச', 'ஸ', 'த' என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டும் கூர்மைதான் போகும். கிசுகிசுத்துப் பேசும்போது தொண்டை அதிர்வதே இல்லை. இருப்பதெல்லாம் மேல் அதிர்வெண் காற்றொலிதான். ஆகவே ஹெட் கோணலால் அதிகம் நஷ்டப்படுவது ரகசியம் பேசுகிறவர்கள்.

ஆனால் பதிந்த ஹெட்டும் படிக்கும் ஹெட்டும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஒரு குறையும் தெரியாது. அம்மாயியின் கேசட் அந்த நேஷனல் பானசோனிக்கில் என்றைக்கும் தெளிவாகவே ஒலித்திருக்கும். செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டபோது டேப்பின் ஜோடி போய்விட்டது, அவ்வளவுதான்.

மெக்கானிக் டெக்கின் மூடியைக் கழற்றினார். ஹெட்டுக்கு இருபுறமும் இரண்டு சின்ன ஸ்க்ரூ. ஒன்றின் அடியில் ஸ்பிரிங் இருந்தது, தலையில் கம்பெனி வைத்த சிவப்புப் பெயிண்ட். அந்த ஸ்க்ரூ நிற்கும் இடத்தை முதலில் பேனாவால் அடையாளம் வைத்துக்கொண்டார், வேலை முடிந்ததும் திரும்ப அங்கேயே கொண்டுவர. "டேப்பை மெஷினுக்குச் சரி பண்ண முடியாது தம்பி, மெஷினைத்தான் டேப்புக்குச் சரி பண்ணணும்" என்றார். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனைப் போட்டார். அப்படிப் போட்டால் இரண்டு சேனலும் கலந்து, சாய்வு இன்னும் எடுப்பாகத் தெரியும். காந்தம் ஏறாத ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து, கேசட் ஓட ஓட, நூலளவு திருப்பினார். குரல் இன்னும் மங்கியது. மறுபக்கம் திருப்பினார். முதலில் டேப்பின் இரைச்சல் மாறியது, 'ஹ்ஹ்' என்று இருந்தது 'ஸ்ஸ்' என்று ஆனது. அப்புறம் ஒரு இடத்தில் குரல் திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாயிக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி உண்டு. 'ச' சொல்லும்போது அதில் கொஞ்சம் காற்று கசியும். அந்தக் காற்று கேட்டது.

அன்று இரவே டெக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவை உட்கார வைத்துக் கேட்டோம். அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "ஏப்பா, நல்லாருக்கியாப்பா? நீ அனுப்புன டிராஃப்ட் வந்துச்சு. பாங்குல போட்டாச்சு" என்று தொடங்கி, மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று போகிறது. அப்புறம் குரல் தாழ்கிறது. கடை துடைத்தெறிந்த இடம் அதுதான். "என் தோட்டை அடகு வச்சுத்தான் ஒன் தங்கச்சிக்கு டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டுனேன். ஒங்கப்பாவுக்குத் தெரியாது. நீயும் கடுதாசியில எதுவும் எழுதிப்புடாதே, வாசலோட படிச்சுப்புடுவாங்க." அந்தத் தங்கச்சி என் அம்மா. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துத்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. பரீட்சைப் பணத்தைத் தாத்தாதான் மனமிறங்கிக் கொடுத்தார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். "திரும்பப் போடு" என்றாள். போட்டேன்.

அந்தக் கிசுகிசுப்பு எப்படிப் பதிவானது என்பதும் எனக்குப் பெரிய விஷயம். அந்த மாதிரி டூ இன் ஒன்களில் ஒலி அளவைத் தானாகச் சரி செய்யும் சுற்று உண்டு. சத்தமாகப் பேசினால் அது குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைந்தால் மைக்கின் காதைத் தானே தீட்டிக்கொள்ளும். அம்மாயி குரலைத் தாழ்த்தியதும் செட் அவரை நோக்கி எட்டிப் பார்த்திருக்கிறது. அப்படிப் பார்த்தபோது அறையும் சேர்ந்து மேலே வந்தது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கும் இடத்தில், தெருவில் வேதாரண்யத்து உப்பு விற்கிறவரின் "உப்பேய்" கேட்கிறது. காகம் கத்துகிறது. அவர் மறுபடி பேசியதும் இதெல்லாம் பின்னுக்குப் போகிறது. இதைத்தான் கடைக்காரர்கள் இரைச்சல் என்று எடுத்தார்கள்.

பேச்சு முடிந்து, 'டக்' என்று பட்டன் சத்தம் கேட்ட பிறகும் டேப் ஓடியது. அது ஏற்கெனவே பயன்படுத்திய கேசட். மாமா தம்மாமில் இருந்து பேசி அனுப்பியதன் மேலேயே அம்மாயி பதில் பதிந்திருக்கிறார். அவர் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டதால் மாமாவின் பேச்சில் கடைசிப் பகுதி மட்டும் அழியாமல் தங்கியிருந்தது. இளவயதுக் குரலில் பட்டியல் வாசிக்கிறார்: "கோடாலித் தைலம் நாலு, டேங்க் டப்பா ஒண்ணு, அம்மாவுக்கு ஒரு சேலை, அது ஊதா, பச்சை இல்ல." கேள்வியும் பதிலும் ஒரே டேப்பில், பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும்.

பழைய டெக்குகள் ஏன்

இதற்கப்புறம்தான் நான் டெக்குகளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். நாகமிச்சி நிறுவனம் 1982-ல் டிராகன் என்று ஒரு டெக்கைக் கொண்டுவந்தது. சேகரிப்பவர்கள் கொண்டாடும் இயந்திரம் அது. அதன் விசேஷம், அந்த மெக்கானிக் செய்ததை அது தானாகச் செய்யும். அதன் ப்ளே ஹெட் ஒரு தடத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் படித்து, இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் ஒரு சின்ன மோட்டார் ஹெட்டைச் சாய்த்துச் சரி செய்யும், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே. யார் எந்த செட்டில் பதிந்த கேசட்டாக இருந்தாலும் அந்தக் கோணலுக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயந்திரம். அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஒரு கம்பெனி மெனக்கெட்டதே எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஓடாத டிராகனைவிட, ஓடுகிற ஒரு சாதாரண பிலிப்ஸ் செட் மேல்.

புதிதாக இப்போது வரும் கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவை ஒரே வகை மலிவான இயந்திர அமைப்பையே உள்ளே வைத்திருக்கின்றன. தனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய வடிவமைப்பைப் பார்த்துச் செய்தவை அவை. வேகம் அசையும். உண்மையான டால்பி பி இருப்பதில்லை. மெட்டல் டேப் செய்வதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வெளிநாடுகளில் பாடகர்கள் புது ஆல்பத்தைக் கேசட்டிலும் வெளியிடுகிறார்கள், ரசிகர்கள் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். நல்லதுதான், டேப் செய்யும் ஆலைகளுக்கு வேலை இருக்கட்டும். ஆனால் யாரோ நிரப்பிக் கொடுத்த கேசட்டை வாங்கி வைப்பதில் கேசட்டின் பாதிதான் இருக்கிறது.

நண்பர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிக்கிறான், என்னிடம் டெக் கேட்டு வந்தான். எதற்கு என்றேன். "போன்ல எங்க பாட்டி பேசுனது நிறைய இருக்கு அங்கிள். ஒண்ணைக்கூட நான் திரும்பக் கேட்டதில்ல. எதுல என்ன இருக்குன்னே தெரியாது" என்றான். பாட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு பக்கம் முப்பது நிமிடம் என்று எல்லை வைத்து, பதிந்து, அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஞாபகம் என்ற பதிலுக்கு அவனிடம் இடமே இல்லை, அவன் இனிமேல்தான் ஞாபகத்தைச் சேர்க்கப் போகிறான். நான் தடுக்கவில்லை. போனிலும் பதிந்துகொள், பிரதி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்குச் சொன்ன மற்ற விஷயங்களை இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் பேச்சுக் கேசட் இருந்தால், எடுத்ததும் செட்டில் போடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பின் விளிம்பைப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே ஓட்டினால் ஹெட்டிலும் அது ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நடுவில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டாலும் குரல் மங்கும். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் யாரும் மேலே பதிய முடியாது. கடையில் கொடுப்பதென்றால், ஹெட் அட்ஜஸ்ட் செய்து எடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இரைச்சல் நீக்க வேண்டாம், வருவதை அப்படியே பதிந்து கொடுங்கள் என்று எழுதியே கொடுங்கள். டேப் முடிந்து நிற்கும்வரை ஓட விடச் சொல்லுங்கள், பேச்சு முடிந்ததும் நிறுத்த வேண்டாம்.

டெக் வாங்குகிறவர்கள் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அழிக்க, பதிய, படிக்க என்று தனித்தனியாக மூன்று ஹெட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெல்ட் மாற்றக்கூடியதா, பிஞ்ச் ரோலர் கெட்டிப்படாமல் இருக்கிறதா, ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். விற்கிறவர் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டுவார். அதோடு விட்டுவிடாதீர்கள். கூடவே ஒரு காலிக் கேசட்டையும் ஒரு மைக்கையும் எடுத்துப் போய், அங்கேயே நாலு வார்த்தை பேசிப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.